நானுஓயா ஏற்றத்தில் நின்றுபோன கார்

ஹட்டன் ரயில் நிலையத்துக்கு வெளியே என் தங்கை கலா ஒரு சின்ன வெள்ளைக் காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். என் பையை வாங்கிப் பின்சீட்டில் வைத்தவள், "குளிருதாக்கா? சுவெட்டர் கொண்டாந்திருக்கேன்" என்றாள். அவள் புருஷன் யோகராஜின் சுவெட்டர். எனக்குத் தொளதொளவென்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு இறந்துபோன மச்சானின் காரில் ஏறி உட்கார்ந்தேன்.

கலாவுக்கு நான் அக்கா மட்டுமில்லை. அம்மா போன பிறகு அவளை வளர்த்ததும் நான்தான். துறையூரில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். அவள் கத்தாருக்கு ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போனாள். அங்கே டிரைவராக இருந்த யோகராஜ் இலங்கையின் இந்த மலைப்பக்கத்தைச் சேர்ந்தவர். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இருவரும் கல்யாணம் செய்துகொண்டு கொஞ்ச காலம் கழித்து அவர் ஊருக்கே வந்துவிட்டார்கள். சேர்த்த காசில் இந்தப் பழைய காரை வாங்கி, தோட்டத்து ஜனங்களை டவுனுக்குக் கொண்டுபோய் விடுவது, சீசனில் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை வருகிறவர்களை ஏற்றுவது என்று ஓட்டிக்கொண்டிருந்தார். பிள்ளை இல்லை. போன மார்கழியில் ஒரு விடிகாலை அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

எனக்குப் பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. இப்போது அவளை அழைத்துப்போகத்தான் வந்திருந்தேன்.

டவுனைத் தாண்டி ரோடு ஏற ஆரம்பித்ததும் காருக்குள் ஒரு நாற்றம் கிளம்பியது. ரப்பரும் முடியும் சேர்ந்து தீய்ந்த மாதிரி.

"ஏதோ தீயுதுடி" என்றேன்.

"கிளட்ச்சுக்கா. பிளேட் தேஞ்சு போச்சு. மெதுவாப் போனா போவும்."

எனக்குக் கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தவிர ஒன்றும் தெரியாது. இன்ஜின் சுற்றுகிற சுற்றைச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தப் பிளேட்தான் என்று கலா சொன்னாள். "அது புடிக்கலைன்னா இன்ஜின் கெடந்து கத்தும். வண்டி நகராது." அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஒரு வளைவில் அப்படியே நடந்தது. இன்ஜின் அலறியது. கார் மாட்டுவண்டி போல ஊர்ந்தது. பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. கலா ஓரம் கட்டி, அவனை விட்டு, பிறகு மெல்ல நகர்த்தினாள்.

எங்கள் ஊர்ப் பச்சைமலையில் மரம் எங்கே நிற்க நினைத்ததோ அங்கே நிற்கும். இங்கே மலை முழுவதையும் யாரோ சீப்பால் வாரி விட்ட மாதிரி இருந்தது. கீழே நீர்த்தேக்கம் ஈயத் தகடு போலக் கிடந்தது. அழகாகத்தான் இருந்தது. அந்த நாற்றத்தோடு எதையும் ரசிக்க முடியவில்லை.

யோகராஜின் அம்மா செல்லம்மா லயத்து வாசலில் காத்திருந்தார். லயம் என்றால் ஒரே நீளக் கூரைக்குக் கீழே வரிசையாக அடுத்தடுத்த வீடுகள். இவர்களுடையது கடைசி வீடு. அவர் நாற்பது வருஷத்துக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்தவர். விரல் நுனிகளில் கறுப்புக் கோடுகள் ஊறிப்போயிருந்தன.

"வாம்மா. வழியெல்லாம் குளுந்திருக்கும். மொதல்ல தேத்தண்ணி குடிங்க" என்றார்.

பால் இல்லாத டீ. சீனியை உள்ளங்கையில் தனியாக வைத்தார்கள். அதைத் தொட்டு நக்கிக்கொண்டே டீயைக் குடிக்க வேண்டும். நான் சீனியை டீயில் போடப் போனதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். பிறகு தேங்காய்ப் பூ போட்டுப் பிசைந்த ரொட்டி, மிளகாயும் வெங்காயமும் இடித்த சம்பல். ரொட்டி கனமாக இருந்தது. ஒன்றிலேயே வயிறு நிறைந்தது. எங்கள் தோசையைப் போல நினைத்து இன்னொன்று கேட்டுவிட்டு முழித்தேன்.

அவர்கள் பேசுவது வெளிநாட்டுப் பேச்சாகவே இல்லை. எங்கள் துறையூர்ச் சந்தையில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. நடுநடுவில் மட்டும் ஒரு சிங்களச் சொல், ஒரு இங்கிலீஷ் சொல். கலாவும் அப்படித்தான் பேசினாள். மாமியாரை நம் வழக்கத்தில் 'அத்தை' என்று கூப்பிடாமல் இந்த ஊர் வழக்கப்படி 'மாமி' என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செல்லம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எம் மகன் கடேசியா என்ன சொன்னான் தெரியுமாம்மா? அந்த வலியிலயும் 'அம்மாவப் பாத்துக்க'ன்னு கலாகிட்ட சொல்லியிருக்கான். சாகுற நேரத்துலயும் என்னையத்தான் நெனச்சிருக்கான்."

பக்கத்து வீட்டுப் பெண்கள் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் தெரிந்த கதை போலிருக்கிறது. கலா அடுப்பைப் பார்த்தபடி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

எனக்கு அந்த நிமிஷம் மச்சான் மேல் கோபம் வந்தது. இறந்தவரிடம் கோபப்படக் கூடாது என்று தெரியும். ஆனாலும் முப்பத்தெட்டு வயதுக்காரியை இப்படிக் கட்டிப் போட்டுவிட்டா போவது?

மறுநாள் காலையில் கலா என்னை அவர் அடக்கமான இடத்துக்குக் கூட்டிப்போனாள். லயத்துக்கு மேலே, தேயிலை முடிந்து சவுக்கு மரங்கள் ஆரம்பிக்கும் இடம். மண் மேட்டின் தலைமாட்டில் ஒரு குரோட்டன்ஸ் செடி வேர் பிடித்து நின்றது. தினமும் மாமி வந்து பேசிவிட்டுப் போவார்கள் என்றாள் கலா.

"என்ன பேசுவாங்க?"

"என்ன கறி ஆக்கினோம், யார் வீட்ல மாடு கன்னு போட்டிருக்கு... எல்லாந்தான்."

"நீ?"

"நான் புல்லுப் புடுங்கிட்டு வந்துருவேன்."

காரை விற்றுவிடுவது என்று ஏற்கெனவே போனில் பேசி முடிவு செய்திருந்தோம். நுவரெலியாவில் காய்கறி வியாபாரம் செய்யும் கணேசன் என்பவர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கார் போனால் இங்கே அவளுக்குப் பிழைப்பும் இல்லை, அலையவும் வேண்டாம், என்னோடு கிளம்பிவிடலாம் என்பது என் கணக்கு. 'விக்கிறது சரிதாங்க்கா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாளே தவிர, வருகிறேன் என்று கலா ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த நாள் காரைக் கொடுக்கக் கிளம்பினோம். செல்லம்மா காரின் முகப்பில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார். தேங்காயை உடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "இது போற வண்டி. தேங்கா எதுக்கு" என்று அவரே சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வழியில் ஹட்டனில் ஒரு கராஜில் காட்டினோம். இங்கே மெக்கானிக்கை 'பாஸ்' என்கிறார்கள். அவர் இன்ஜினை முறுக்கிப் பார்த்து, முகத்தைச் சுளித்தார்.

"அக்கா, இது ஆயுசு முடிஞ்ச பிளேட்டு. கியர் பொட்டிய எறக்கித்தான் மாத்தணும். புது செட்டு போட்டுத் தரவா?"

விலையைச் சொன்னார். கலா என்னைப் பார்த்தாள். நான் கொண்டுவந்த பணத்தில் திரும்பிப் போகிற செலவு போக மிச்சம் இருந்தது அதில் பாதிகூட இல்லை. கேபிளை மட்டும் சரிசெய்து தரச் சொன்னோம். "நுவரெலியா வரைக்கும் போவுமா?" என்று கேட்டேன்.

"எறக்கத்துல போவும். ஏத்தத்துல சாமிய கும்புட்டுக்குங்க."

இதற்குக் கூலி வேண்டாம் என்றுவிட்டார்.

கொட்டகலை வரை கார் ஒழுங்காகத்தான் வந்தது. தலவாக்கலைக்கு முன்னால் ரோட்டோரத்திலேயே அருவி தெரியும் இடத்தில் வண்டியைக் குளிர விட்டுவிட்டு, மீன் வைத்துப் பொரித்த ரோல்ஸ் சாப்பிட்டோம். அசைவ சமோசாவைச் சுருட்டி வைத்தது போல இருந்தது. பக்கத்தில் ஒரு கூட்டம் அருவியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு பெண் கலாவிடம் போனைக் கொடுத்து எடுத்துத் தரச் சொன்னாள். கலா பொறுமையாக நாலைந்து எடுத்துக் கொடுத்தாள். "நாம ஒண்ணு எடுத்துக்குவமாக்கா?" என்று கேட்டாள். எடுத்துக்கொண்டோம். அந்தப் படத்தில் எங்கள் இருவர் முகமும் ஒன்றுபோல வாடியிருக்கிறது.

லிந்துலை தாண்டி நானுஓயாவுக்கு ஏறும் ரோட்டில் மழை பிடித்துக்கொண்டது. முதலில் அந்த நாற்றம். பிறகு இன்ஜினின் அலறல். பிறகு முன்பக்கத்திலிருந்து புகை. கலா எவ்வளவோ மிதித்தும் கார் ஒரு அடி முன்னால் வைக்கவில்லை. பின்னால் உருளத் தொடங்கியது. அவள் பிரேக்கை மிதித்துக் கைப்பிரேக்கை இழுத்தாள். நான் இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லைத் தள்ளி வைத்தேன்.

பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் சிலர் பார்த்துவிட்டு, கூடைகளை ஓரமாக வைத்து ஓடி வந்தார்கள். தலையில் போட்டிருந்த பாலிதீன் விரிப்பு சரசரக்கக் காரின் பின்னால் கைவைத்தார்கள்.

"ஏங்க, இடுப்புக் குடுத்துத் தள்ளுங்க, கையால தள்ளுனா வராது" என்று ஒருத்தி என்னை அதட்டினாள்.

தள்ளித் தள்ளி ரோட்டை விட்டு ஒரு ஓரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். எனக்கு மூச்சு வாங்கியது. அவர்களில் மூத்தவள், "இந்த ஏத்தத்துல மாசத்துக்கு ஒரு வண்டியாவது தள்ளிருவோம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டாள். பேர்கூடக் கேட்கவில்லை நான்.

மழை விடவில்லை. காருக்குள் உட்கார்ந்தோம். கண்ணாடி முழுக்க ஆவி. அந்த நாற்றம் உள்ளேயே தங்கிவிட்டது. நான் கண்ணாடியை இறக்கப் போனேன்.

"எறக்காதக்கா" என்றாள் கலா. "இது அன்னிக்கு அடிச்ச வாசன."

எனக்குப் புரியவில்லை. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொல்ல ஆரம்பித்தாள்.

"அன்னிக்குத்தான் இந்தப் பிளேட் போச்சு. விடியக்காலம் அவரு நெஞ்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்துட்டாரு. ஆம்புலன்ஸு வர நேரமாவும்னாங்க. ஓட்டத் தெரிஞ்சவங்க யாரும் லயத்துல இல்ல. எனக்கு அவரு கிரவுண்டுல வச்சு கொஞ்சம் சொல்லிக் குடுத்திருந்தாரு. ஏத்தத்துல ஒருநாளும் ஓட்டினதில்ல. அவரத் தூக்கிப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு நானே எடுத்துட்டேன். மாமியையும் ஏத்திக்கத் தோணல."

"ம்."

"வண்டி நின்னுருமோங்கிற பயத்துல கிளட்ச்சுல வச்ச கால எடுக்கவே இல்லக்கா. வழி முழுக்கப் பாதி அமுக்கினபடியே ஓட்டினேன். அதான் எரிஞ்சிருச்சு. இதே வாசன. அவரு கண்ண மூடியிருந்தாரு. அப்ப சொன்னாரு, 'கிளட்ச்லருந்து கால எடு புள்ள'ன்னு. கொஞ்ச தூரம் போயி இன்னொரு தடவையும் சொன்னாரு. அதுக்கப்புறம் ஒண்ணும் சொல்லல."

மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"நான் கால எடுத்துட்டேன். 'எடுத்துட்டேங்க, இப்ப சரியாப் போவுது பாருங்க'ன்னு சொல்லிக்கிட்டே போனேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் சொல்லிக்கிட்டே போனேன்க்கா. டாக்டரு, வர்ற வழியிலேயே முடிஞ்சிருக்கும்னாரு. எந்த எடத்துல முடிஞ்சுதுன்னு எனக்குத் தெரியல. எந்த வளைவுலன்னு தெரியல. எது வரைக்கும் அவருகிட்ட பேசினேன், எதுலருந்து..."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது.

"அப்ப, அம்மாவப் பாத்துக்கன்னு சொன்னது?" என்று கேட்டேன்.

"அவரு சொல்லல. பொணத்தக் கொண்டாந்து எறக்கினதும் மாமி என் ரெண்டு தோளையும் புடிச்சி உலுக்கினாங்க. 'எம் புள்ள கடேசியா என்னடி சொன்னான், சொல்லு'ன்னு. லயமே நிக்கிது. கிளட்ச்சுன்னா சொல்லுவேன்? 'ஒங்களப் பாத்துக்கச் சொன்னாரு மாமி'ன்னு வாயில வந்துருச்சு."

வந்த நாளிலிருந்து மச்சானைத் திட்டிக்கொண்டிருந்தேன், அவர் சொல்லாத ஒரு சொல்லுக்காக.

நுவரெலியாவுக்கு முட்டைக்கோஸ் ஏற்றப் போய்க்கொண்டிருந்த காலி லாரி ஒன்று எங்களைப் பார்த்து நின்றது. சிங்கள டிரைவர். இறங்கி வந்து கலாவோடு பேசினார். லாரிக்குப் பின்னால் கயிற்றால் காரைக் கட்டினார். கிளம்பும் முன் கலாவிடம் ஏதோ நிதானமாகச் சொன்னார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "நியூட்ரல்ல போட்டுட்டு பிரேக்க மட்டும் பாத்துக்குங்க தங்கச்சி, மத்ததெல்லாம் நான் பாத்துக்கிறேன்னாரு" என்றாள் கலா. நானுஓயாவில் சுனில் பாஸ் என்பவரின் கராஜ் வாசலில் எங்களை விட்டுவிட்டு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

சுனில் பாஸுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். நொறுங்கிப்போன இதே மாதிரிக் கார் ஒன்று அவர் கராஜின் பின்னால் நின்றது. அதன் பிளேட் நல்ல நிலையில் இருக்கிறது, புதிதின் விலையில் கால்வாசிக்குத் தருகிறேன், ஆனால் நாளைக்குத்தான் முடியும் என்றார். லாட்ஜ் விசாரித்தோம். அவர் மனைவி உள்ளேயிருந்து ஏதோ சத்தமாகச் சொன்னாள். "இந்த மழையில் இரண்டு பெண்களை லாட்ஜுக்கு அனுப்ப உனக்கு வெட்கமாக இல்லையா" என்று புருஷனைத் திட்டுகிறாள் என்று கலா காதோடு சொன்னாள்.

அன்று அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, தேங்காய்ப்பாலில் வேகவைத்த பீன்ஸ், கருவாடு. எங்கள் ஊர்ச் சாம்பார் மாதிரி ஊற்றிக் குழைத்து அடிக்கிற சாப்பாடில்லை. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்தில் வைத்துத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட வேண்டும். அந்த அம்மாள் கலாவின் வெறும் நெற்றியைப் பார்த்தாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவள் தட்டில் மட்டும் இரண்டாம் தடவை கேட்காமலே சோறு போட்டாள்.

காலையில் கியர் பெட்டி தரையில் கிடந்தது. சுனில் பாஸ் பழைய பிளேட்டைக் கழற்றி எடுத்து எங்களிடம் காட்டினார். வட்டமாக, கறுத்துப்போய், தேய்ந்து, ஆணித் தலைகள் வெளியே தெரிந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் கணேசன் வந்து சேர்ந்தார். நாங்கள் இங்கே நிற்பதைக் கலா போனில் சொல்லியிருந்தாள். பருத்த, கலகலப்பான மனிதர். பிளேட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"யாரு இப்புடி ஓட்டினது?"

"நாந்தாங்க" என்றாள் கலா.

"அதானே பாத்தேன். பொம்பளைங்க கையில குடுத்தா மொதல்ல போறது கிளட்ச்சுதான்" என்று சொல்லிச் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. சுனில் பாஸும் மரியாதைக்குச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறந்தேன். கலா என் முழங்கையை அழுத்தினாள். அவரோடு சேர்ந்து தானும் கொஞ்சம் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

பிளேட்டுக்கான காசைத் தானே கொடுத்துவிடுவதாகவும், அதைக் காரின் விலையில் கழித்துக்கொள்வதாகவும் கணேசன் சொன்னார். மேலே இன்னும் கொஞ்சம் குறைத்தார். கலா பேரம் பேசவில்லை. சுனில் பாஸ் பழைய பிளேட்டை இரும்புக் குவியலில் வீசினார். நான் அதை எடுக்கலாமா என்று கலாவைப் பார்த்தேன்.

"வேணாங்க்கா. கெடக்கட்டும்" என்றாள்.

மதியத்துக்குள் கார் தயாராகிவிட்டது. கணேசன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டார். "நீங்களும் ஒருக்கா ஓட்டிப் பாருங்க, வேணும்னா" என்று கலாவிடம் சாவியை நீட்டினார். அவள் தனியாக ஏறிக்கொண்டாள். கராஜுக்கு மேலே செங்குத்தாக ஏறும் ரோட்டில் கார் போனது. புகை இல்லை, அலறல் இல்லை. வளைவில் மறைந்தது. வெகுநேரம் வரவில்லை. கணேசன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கார் இறங்கி வந்தது. அவள் இறங்கி, சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"நல்லா இழுக்குதுங்க. பத்தரமா வச்சுக்குங்க" என்றாள்.

பஸ்ஸில் திரும்பினோம். மூச்சுவிட இடமில்லாத கூட்டம். ஸ்பீக்கரில் சிங்களப் பாட்டு அலறியது. கலா ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். லயத்துக்குப் போனபோது செல்லம்மா காரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "சாப்புட வாங்க" என்றார். கலா காசை அவர் முன்னால் வைத்தாள். அவர் எண்ணாமல் சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பாத்திரம் விளக்குகிற இடத்தில் கலா என்னிடம் சொன்னாள். "நான் வரலக்கா. நீ போ."

"இங்க இருந்து என்ன செய்வ? கொழுந்து பறிப்பியா?"

"தெரியல. ஆனா நான் எப்புடிப் போறது? அந்த வார்த்தயப் புடிச்சிக்கிட்டுத்தான் அவங்க காலையில எந்திரிக்கிறாங்க. நான் போயிட்டா, மகன் சொன்னத மருமக மீறிட்டான்னு ஆயிரும். அவரு சொல்லவே இல்லன்னு சொல்லிட்டா... அது அதவிடப் பெரிய பாவம். பொய்யாச் சொன்னேன்க்கா. இப்ப அது நெசமாயிருச்சு."

நான் எவ்வளவோ பேசினேன். கொழும்பில் வேலை பார்க்கும் செல்லம்மாவின் மகள் புஷ்பம் மாதா மாதம் வந்து பார்த்துக்கொள்வாள் என்றேன். என் கடையில் இரண்டாவது மெஷின் சும்மா கிடக்கிறது என்றேன். அவள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நாங்கள் பேசிக்கொண்டிருந்த இடம் வீட்டுக்குப் பின்பக்கம். நடுவில் ஒரு தகரச் சுவர்தான். செல்லம்மா காதில் எது விழுந்தது, எது விழவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் கிளம்ப வேண்டிய காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்றில் கலாவின் சேலைகள் மடித்து அடுக்கியிருந்தன. மேலே ஒரு ஈரத் துணியில் சுற்றிய ரொட்டிப் பொட்டலம். சாமிப் படத்துக்குக் கீழே இருந்த காசிலிருந்து தனக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியை ஒரு துணிப்பையில் போட்டு அதற்குள் செருகியிருந்தார் செல்லம்மா.

"என்ன மாமி இது?" என்றாள் கலா.

"கெளம்பு."

"நான் போகல."

"போ புள்ள. எம் மகன் ஒரு வார்த்தயச் சொல்லிட்டான். அவனுக்கென்ன, சொல்லிட்டுப் போயிட்டான். அதுக்காக நீ இந்த லயத்துல கெடந்து காயணுமா? எனக்குப் புஷ்பம் இருக்கா. பக்கத்து வீட்டு ஆளுக இருக்காங்க. ஒனக்கு யாரு இருக்கா இங்க? அக்காகூடப் போ. ஒரு பொழப்பத் தேடிக்க."

"மாமி, அவரு..."

உண்மையைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன்.

செல்லம்மா அவள் வாயைத் தன் கறுத்த விரல்களால் பொத்தினார். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பஸ் நிற்கும் இடம் வரை எங்களோடு வந்தார். கலா குனிந்து அவர் காலைத் தொட்டபோது தூக்கி நிறுத்தி, அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துவிட்டார். பஸ் வந்தது. ஏறினோம். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. லயத்துக்குப் போகிற பாதையை விட்டு, சவுக்கு மரங்கள் இருக்கும் மேட்டுப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தார்.

பஸ் கினிகத்தேனை இறக்கத்தில் இறங்கியது. குளிர் விலகி வெக்கை வந்தது. தேயிலை போய் ரப்பர் மரங்கள் வந்தன. கித்துள்கலையில் பஸ் டீ குடிக்க நின்றது. கலா ஓரமாகப் போய் மாமிக்குப் போன் போட்டாள். நான் இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். "சரிங்க மாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள்.

"சாப்ட்டாங்களாமா?" என்றேன்.

"ம்."

ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள்.

"அவருகிட்ட சொல்லிட்டாங்களாம்க்கா. 'நாந்தான்டா அனுப்பி வச்சேன், அவள ஒண்ணும் சொல்லாத'ன்னு."

பஸ்காரன் ஹாரன் அடித்துக் கூப்பிட்டான். மற்றவர்களெல்லாம் ஏறிவிட்டார்கள். என் இரண்டு கையிலும் டீ இருந்தது. கலா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவன் திரும்பத் திரும்ப ஹாரன் அடித்தும் எங்களால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.